குலுக்கை நிறைய நெல்

செல்லூர், மதுரை
12 மார்ச் 1944

சௌபாக்கியவதி ஜெயக்கொடிக்குத் தாய்மாமன் கருத்தக்கண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என்னை நம்பி ஓடுகிற மில்லும் சுகம். அங்கே நீயும், உன் நாத்தனார் அழகம்மாளும், பெரியவள் தங்கப்பொண்ணும், சின்னவள் ஒச்சம்மாளும், பசுவும் கோழியும் சுகமா? முத்திருளன் மாப்பிள்ளை பட்டாளத்திலிருந்து கடுதாசி போட்டாரா?

கையில் காசு நிற்கவில்லை, குடும்பத்தை எப்படி ஓட்டுவது என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். போன மாசம் எங்கள் மில் வெள்ளைக்கார மானேஜர் காரை நிறுத்தி இறங்கி வந்து, "கருத்தக்கண்ணன், எங்கள் வீட்டு துரைசானி கை ஓட்டைக் கையாக இருக்கிறது, ஒரு வழி சொல்லும்" என்று கெஞ்சினார். நான் சொன்னேன்: "துரை, உங்க வீட்டு உலையில சோறு திங்கிற அத்தனை பேரும் வட்டமா உக்காரணும். ரூபாய்க்கு மேலே செலவுன்னா அத்தனை பேரும் சம்மதம்னு வாயைத் திறந்து சொல்லணும். ஒரு ஆளு பாக்கின்னாலும் பண முடிச்சை அவுக்கக் கூடாது. நண்டு சிண்டையும் விடாமக் கேக்கணும்." அன்றைக்கே அவர் வீட்டில் அமல். மறுவாரம் வந்து கை குலுக்கினார். அந்தக் கையை நான் மூன்று நாள் கழுவவில்லை, அம்புட்டு வாசனை. நீயும் அப்படியே செய்.

இன்னொரு சங்கதி. நேற்றுச் சிம்மக்கல் பக்கம் ஒரு காப்பிக் கடையில் ஊரே நெல் இல்லை அரிசி இல்லை என்று அழுதுகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்குமா? "எங்க தங்கச்சி மக வீட்டுல வந்து பாருங்கய்யா. மண்ணுல பண்ணின நெல்லுக் குலுக்கை, ஆள் உசரம். உள்ளே அமுக்கி அமுக்கிப் போட்டும் நெல்லு மூடியத் தள்ளிக்கிட்டு நிக்குது" என்றேன். கடையே வாயடைத்துப் போயிற்று. கோட்டுப் போட்ட ஒருவர் மட்டும் மரியாதையாக ஊர்ப்பேர் கேட்டார். நல்லாம்பட்டி, வாசலில் வேம்பு நிற்கிற பட்டாளத்தான் வீடு என்று சொன்னேன். சின்னப் புஸ்தகம் எடுத்து எழுதிக்கொண்டார். நம் வீட்டுப் பெருமை எழுத்தில் ஏறிவிட்டது, தாயி.

வைகாசியில் சின்னவளுக்குக் காது குத்து. உனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை, என் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? இருபத்தொரு தட்டுச் சீர் கொண்டுவருவேன். ஒரு யானையும் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமன்
கருத்தக்கண்ணன்


நல்லாம்பட்டி, கப்பலூருக்கு மேற்கே
16 மார்ச் 1944

மாமாவுக்கு ஜெயக்கொடி வணக்கம்.

நீங்கள் எழுதியபடி ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். பட்டாளத்துப் பணம் இரண்டு மாசமாக வரவில்லை. ஆளுக்கு என்ன ஆயிற்றோ என்ற நினைப்பை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. மண்ணெண்ணெய் இனி வாங்குவதில்லை, பொழுது இறங்கும் முன்னே சாப்பிட்டுவிடுவது என்று அழகம்மாள் சொன்னாள். எல்லோரும் சம்மதம் சொன்னோம். தங்கப்பொண்ணு தனக்கு ரிப்பன் வேண்டாம் என்று தானாகச் சொன்னாள். சின்னவள் எதைக் கேட்டாலும் "மாட்டேன்" என்றாள். மூன்று வயசு, அந்த ஒரு சொல்தான் நன்றாக வருகிறது. வெகு நாளைக்குப் பிறகு சிரித்தோம்.

சிரித்தது அன்றைக்கு. நேற்று சைக்கிளில் ஒரு ஆள் வந்து, கிணற்றடியில் பெண்களிடம், "வேப்பமரம் நிக்கிற பட்டாளத்தான் வீடு எது?" என்று கேட்டானாம். வீட்டைப் பார்த்தான். திரும்பிப் போய்விட்டான். சர்க்காருக்கு நெல் பிடிக்கிற ஆள் என்று தலையாரி பேயாண்டி சொல்கிறார். பக்கத்து ஊரில் நெல்லை மறைத்த ஒருவரைக் கையில் கயிறு கட்டி ரோட்டோடு நடத்திக் கொண்டுபோனார்களாம். அவர் சம்சாரம் பின்னாலேயே ஓடியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு உங்கள் கடுதாசியை எடுத்து மறுபடி படித்தேன். கோட்டுக்காரர் யார் என்று புரிந்தது.

மாமா, எங்கள் குலுக்கையில் நெல் என் முழங்கால் உயரம்தான் கிடக்கிறது. கண்மாய் அரைக் கண்மாய்தான் பெருகியது. விதைக்கு ஒரு மூடை, சாப்பாட்டுக்கு இரண்டு மூடை. ஆடி வரைக்கும் அதுதான் எங்கள் உயிர். அந்தக் கோட்டுக்காரரைத் தேடிப் பிடியுங்கள். சொன்னது நிஜமில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அழகம்மாளிடம் உங்கள் கடுதாசியைப் படித்துக் காட்டவில்லை. காட்டினால் என்ன சொல்வாள் என்று உங்களுக்கே தெரியும்.

ஜெயக்கொடி


செல்லூர்
20 மார்ச் 1944

தாயி ஜெயக்கொடி,

பயப்படாதே. அந்தக் கோட்டுக்காரரைத் தேடி நாலு நாளும் காப்பிக் கடையில் காவல் இருந்தேன். வரவில்லை. என் கண்ணில் படுவதற்குக் கூச்சப்பட்டு வேறு கடைக்குப் போகிறார் என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்று. நான் சொன்னதைப் பொய் என்று எப்படிச் சொல்ல முடியும்? அது அடுத்த வருஷத்து நிஜம். ஒரு வருஷம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்கிறபடி செய். குலுக்கையில் இருப்பதை ஒரு மணி விடாமல் வழித்து மூடையில் கட்டி, கொல்லையில் வைக்கோல் படப்பு இருக்கிறதே, அதன் வயிற்றில் செருகிவிடு. முந்தி ஒரு பஞ்சத்தில் நான் நாற்பது மூடையை நாலு ஊர்ப் படப்பில் ஒளித்து வைத்தேன். கலெக்டரே வந்து அந்தப் படப்பில் சாய்ந்து படம் பிடித்துக்கொண்டு போனார், அவருக்குத் தெரியவில்லை. வருகிறவன் வெறும் குலுக்கையைப் பார்ப்பான். மனசு இளகிப் பிள்ளைகள் கையில் நாலணாவைக் கொடுத்துவிட்டுப் போவான். எழுதி வைத்துக்கொள்.

அழகம்மாளிடம் சொல்லாமல் இருந்தது நல்லது. யானைக்காரர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

மாமன்


நல்லாம்பட்டி
3 ஏப்ரல் 1944

மாமா,

நீங்கள் சொன்னபடியே செய்தோம். செய்யாமல் இருந்திருக்கலாம்.

மூன்று மூடையையும் படப்புக்குள் வைத்த மறுநாளே கோழிகள் அதன் காலடியைச் சீய்க்க ஆரம்பித்தன. கோழிகளைப் பஞ்சாரம் போட்டு மூடினோம். பிள்ளைகளிடம் "படப்புப் பக்கம் பாக்காதே" என்று சொல்லிச் சொல்லி, தங்கப்பொண்ணு இப்போது கொல்லைக்குப் போனாலே தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறாள். அதுவே காட்டிக்கொடுத்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். ஆபீசர் ஒருவர், கூட இரண்டு பேர். ஆபீசர் சத்தம் போடுகிறவர் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. குலுக்கையைப் பிரம்பால் தட்டினார். டங்கென்று கேட்டது. மூடியைத் திறந்து உள்ளே கையைவிட்டு ஒரு சுற்றுத் துழாவினார். பிறகு என்னிடம் சொன்னார்:

"இந்தாம்மா, ஒரு முழம் நெல் கிடந்திருந்தா எழுதிக்கிட்டுப் போயிருப்பேன். சாப்பாட்டு நெல்லையும் விதையையும் சர்க்கார் தொடாது. நாலு பேர் இருக்கற வீட்டுல ஒரு மணிகூட இல்லைன்னா, எங்கேயோ நிறைய இருக்குன்னு அர்த்தம்."

தங்கப்பொண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு, "பாப்பா, நெல்லு எங்கே?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள்.

வெறும் குலுக்கைக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை போலீசோடு வந்து கூரை முதல் குப்பைக்குழி வரை கிளறப் போகிறார்களாம். அதுவரை தலையாரி பேயாண்டி எங்கள் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறார். நெல்லைத் திரும்ப எடுத்து வைக்கவும் வழியில்லை, தின்னவும் வழியில்லை. சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்போமே, அந்தப் பிடியரிசியில்தான் கஞ்சி.

அழகம்மாளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "உங்க மாமன் வாய்க்கு ஒரு கதவு போட்டு, அதுக்கு மேலே இந்த அரக்க வச்சிருக்கணும் மதினி" என்றாள். பிறகு மூலையில் போய் அழுதாள். என்னைக் கொண்டுபோய்விட்டால் பிள்ளைகள் யாரிடம் இருக்கும் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம். அதைப் பேசும்போது சாதாரணமாகத்தான் பேசினோம்.

மாமா, புதன்கிழமைக்குள் வாருங்கள். ஆபீசர் முன்னால் நின்று, காப்பிக் கடையில் சொன்னது நிஜமில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். எனக்கு வேறு ஆள் இல்லை.

ஜெயக்கொடி


செல்லூர்
7 ஏப்ரல் 1944

ஜெயக்கொடிக்கு,

கடுதாசி கிடைத்தது. மில்லில் இந்த வாரம் லீவு கொடுப்பது கஷ்டம். நான் இல்லாவிட்டால் அந்த மிஷின் ஓடாது. அதைவிட, இந்தத் தெருவில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. நான் கதை அளந்துவிட்டேன் என்று நானே சொன்னது நாளைக்கு இங்கே தெரிந்தால், நெசவுக்காரர்கள் முதல் நாவிதர் வரை

மேலே எழுதியதை அடித்துவிட நினைத்தேன். தாள் வேறு இல்லை.

பிள்ளை பாவாடையை நனைத்தாள் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. உன் அம்மாவும் சின்ன வயசில் சிவப்புத் தலைப்பாக் கட்டிய போலீசைக் கண்டால் அப்படித்தான். நான்தான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் ஓடுவேன். அப்போது எனக்குப் பயமே கிடையாது. நிஜமாகவே கிடையாது.

பதினொன்றாம் தேதி சாயங்கால வண்டிக்கு வாரேன். வராவிட்டால் என்று நினைக்காதே. வாரேன்.

மாமன்


நல்லாம்பட்டி
18 ஏப்ரல் 1944

சப்ஜெயிலில் இருக்கும் மாமாவுக்கு ஜெயக்கொடி எழுதுவது. இந்தக் கடுதாசி உங்கள் கைக்கு வந்து சேருமா என்று தெரியாது. பேயாண்டிதான் அங்கே வார்டர் ஒருவரைத் தெரியும் என்று வாங்கிக்கொண்டு போகிறார்.

அடித்தார்களா மாமா? சோறு போடுகிறார்களா?

அன்றைக்கு நீங்கள் கைகட்டி நின்று, "அய்யா, நான் வாய்க்கு வந்தபடி அளந்துட்டேனுங்க, இது ஏழைப்பட்ட வீடுங்க" என்று சொன்னபோது ஆபீசர் நம்பிவிட்டார். கையிலிருந்த காகிதத்தைக்கூட மடித்துவிட்டார். முந்தின இரண்டு நாளும் பெய்த கோடை மழையை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. நனைந்த நெல் உள்ளே புழுங்கி, காலை வெயிலில் படப்பிலிருந்து ஆவி பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? கூட வந்த போலீஸ்காரர் "என்ன சார் அங்கே, சோறு வேகுதா?" என்று கேட்டார். வைக்கோலை உருவினார்கள். மூடை வாய் பிரிந்து நெல் சரிந்தது. வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது.

"யாரு நெல்லு?" என்றார் ஆபீசர். என் நெல் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் முன்னால் போய் நின்றீர்கள்.

"என் நெல்லு! நான் ஒளிச்சு வச்சது. இந்தப் பொம்பளைகளுக்கு ஒண்ணும் தெரியாது."

அதோடு நிறுத்தியிருக்கலாமே மாமா. "இது என்ன, இன்னும் நாற்பது மூடை நாலு ஊருப் படப்புல கிடக்கு" என்று ஏன் சொன்னீர்கள்? யார் கேட்டார்கள்? இப்போது நாலு ஊரிலும் படப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் நம் வீட்டு வாசலில் வந்து நின்று ஏசிவிட்டுப் போகிறார்கள்.

நனையாத ஒரு மூடையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முளைத்தது அவர்களுக்குத் தேவையில்லை, கொட்டிவிட்டுப் போனார்கள். நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழகம்மாள்தான் கையில் அள்ளிப் பார்த்து, "மதினி, இது திங்கத்தான் ஆகாது. எந்திரி" என்றாள். நாங்களே தண்ணீரில் ஊறப்போட்டு முளைகட்டித்தானே நாற்றுப் பாவுவோம். இந்தத் தடவை மழை ஊறப்போட்டிருக்கிறது. அன்றைக்கே கிணற்றடித் துண்டு நிலத்தில் சேறு கலக்கிப் பாவிவிட்டோம். பேயாண்டியும் ஏற்றம் இறைத்தார். எம்புட்டுத் தேறும் என்று தெரியாது. பிடியரிசிப் பானையில் பாதிக்குக் கீழேதான் இருக்கிறது.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஜெயக்கொடி


சப்ஜெயில்
22 ஏப்ரல் 1944

தாயி ஜெயக்கொடி,

இங்கே மாமன் ராஜபோகம். நான் வந்த அன்றைக்கு வார்டர்கள் இரண்டு வரிசையாக நின்று உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். ஜெயிலர் தினமும் என்னிடம் வந்து, இம்புட்டு அரிசியில் இத்தனை பேருக்கு எப்படிச் சோறு போடுவது என்று யோசனை கேட்கிறார். அத்தனை பேரையும் வட்டமாக உட்கார வைத்துச் சம்மதம் கேளுங்கள் என்று சொன்னேன். ஆலோசிப்பதாகச் சொன்னார்.

நாற்பது மூடையைத் தேடிப் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை. மாஜிஸ்திரேட் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உனக்கு வாயால் வந்த கேடு" என்றார். கோர்ட்டே எழுந்து நின்று கேட்டது. அறுபது ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் மூன்று மாசம். மூன்று மாசம் எனக்கு ஒரு கொட்டாவி. மில்லில் பேரை எடுத்துவிட்டார்களாம். துரைக்குத்தான் நஷ்டம்.

அபராதம் கட்ட நினைக்காதே. நான் போட்ட சட்டம் ஞாபகம் இருக்கிறதல்லவா? அறுபது ரூபாய் உப்பு, புளி, பிள்ளைகள் வயிறு. அழகம்மாள் சம்மதிக்க மாட்டாள், சம்மதிக்கவும் கூடாது.

காது குத்துக்குத்தான் தட்டு இருபத்தொன்றும் சேராது போல. யானையையும் விட்டுவிட்டேன். மடி மட்டும் இருக்கிறது.

எனக்குப் பக்கத்தில் படுக்கிற ஒருவருக்கு நாலு நாளாகக் காய்ச்சல். நேற்றுப் பாயோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பாய் மட்டும் திரும்பி வந்தது. இன்றைக்கு அது என்னிடம் இருக்கிறது. நல்ல பாய்தான்.

மாமன்


நல்லாம்பட்டி
30 ஏப்ரல் 1944

மாமாவுக்கு,

பட்டாளத்துப் பணம் மூன்று மாசத்துக்கும் சேர்ந்து வந்துவிட்டது. எழுபத்திரண்டு ரூபாய். அவர் உயிரோடு இருக்கிறார். மணியார்டர் துண்டில், "வீட்டுக்கு எது அவசரமோ அதைச் செய்" என்று அவர் கைப்பட எழுதியிருக்கிறார். அதை அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

நேற்றுப் பொழுது இறங்கும் முன்னே வட்டமாக உட்கார்ந்தோம். உங்கள் கடுதாசியை முழுவதும் படித்தேன். பாய் சங்கதி வந்ததும் அழகம்மாள் "நிறுத்து" என்றாள். முடிச்சை என் மடியில் தூக்கிப் போட்டாள்.

"அந்த மனுசன் அளந்ததுல நம்ம உலை கவுந்துச்சு. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா 'யாரு நெல்லு'ன்னு அவன் கேட்டப்ப, என் கூடப் பொறந்தவன் இருந்தாக்கூட அம்புட்டு வெரசா முன்னாடி வந்து நின்னிருக்க மாட்டான். கட்டு மதினி. மிச்சம் பன்னெண்டு ரூவாயில ஒரு வேளை கஞ்சி குடிச்சாலும் குடிப்போம்."

தங்கப்பொண்ணு சம்மதம் என்றாள். நெல் பிடிக்கிறவர்கள் திரும்பி வருவார்களா என்றும் கேட்டாள். இன்னமும் கொல்லைக்குப் போனால் குனிந்துதான் நடக்கிறாள். சின்னவளிடம், செல்லூர்த் தாத்தா வரட்டுமா, மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்கிறாயா என்று கேட்டோம். "மாட்டேன்" என்று சொல்லப் போகிறாள் என்று மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "முறுக்கு?" என்றாள். தருவார் என்று தங்கப்பொண்ணு சொன்னாள். அப்படியானால் சரி என்று தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று அழகம்மாள் விடவில்லை. சொல்ல வைத்துவிட்டாள்.

சட்டப்படி இன்னும் ஒரு ஆள் பாக்கி. நீங்கள் போன நாளிலிருந்து கஞ்சிக்குப் பிடியரிசி எடுக்கும்போது உங்கள் பங்கு என்று இன்னொரு பிடியும் எடுத்து வைக்கிறோம். ஆகவே நீங்களும் இந்த உலையில் சோறு தின்கிறவர்தான். அத்தையும் கண்ணை மூடிவிட்ட பிறகு செல்லூரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? இங்கேயே வந்து இருங்கள். நாற்று விரல் உயரம் வந்துவிட்டது. பறித்து நடுவதற்கு ஆள் வேண்டும்.

நீங்கள் சம்மதம் சொல்லாமல் முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்று அழகம்மாள் பிடிவாதமாக இருக்கிறாள். பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் காத்திருக்கிறேன். துரை கதை வேண்டாம், ஜெயிலர் கதை வேண்டாம். ஒரு வார்த்தை எழுதுங்கள் மாமா, போதும்.

ஜெயக்கொடி


சப்ஜெயில்
3 மே 1944

தாயி,

சம்மதம்.

பயமாக இருக்கிறது. சீக்கிரம் வா.